கையில் பாதி, கனடாவில் பாதி

நின்டெண்டோ நிறுவனம் ‘சுவிட்ச் 2’ என்ற விளையாட்டுக் கருவியை 2025 ஜூன் 5ஆம் திகதி சந்தைக்கு விட்டது. முதல் நான்கு நாட்களில் 35 இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்த நிறுவனத்தின் வேறெந்தக் கருவியும் இவ்வளவு விரைவாகப் போனதில்லை. அப்படிப் போகிற பொருளைப் புகழ ஆட்களுக்குப் பஞ்சமில்லை. காரைநகர் வலந்தலைச் சந்திக்குக் கிட்ட இருக்கிற அக்கா ஒருவர் என்னிடம் கேட்டது வேறு: “நல்லதெல்லாம் பெடியன் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். அதிலை என்ன பிழை இருக்கெண்டு மட்டும் நீ சொல்லு தம்பி.”

அக்காவின் அண்ணர் ஸ்கார்பரோவில் இருக்கிறார். மார்கழியில், ஈழத்துச் சிதம்பரம் என்று நாங்கள் சொல்லும் சிவன் கோயிலின் திருவெம்பாவைத் திருவிழாவுக்கு வருகிறார். மருமகனுக்கு இந்தக் கருவியை வாங்கி வரட்டோ என்று கேட்டிருக்கிறார். பெடியனுக்குப் பன்னிரண்டு வயது. காரைநகர் ஆட்கள் தென்னிலங்கை முழுக்கக் கடை போட்டுப் பெருகியவர்கள். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் முதலில் அதன் குற்றத்தைத்தான் தேடுவார்கள். அக்காவிடமும் அந்தப் பழக்கம் உண்டு. தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் வந்தன. நான் சொல்லத் தொடங்கினேன்.

சாமான் இதுதான். 7.9 அங்குலத் திரையுள்ள ஒரு பலகை. இரண்டு பக்கமும் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு கைப்பிடிகள். அவற்றை ஜோய்கொன் என்பார்கள். பலகையைக் கையில் வைத்தபடி விளையாடலாம். வீட்டுக்குள் வந்து, ரிவியோடு இணைத்த ஒரு தாங்கியில் சொருகிவிட்டால் அதே ஆட்டம் ரிவித் திரையில் தொடரும். கைக்கருவியும் வீட்டுக்கருவியும் ஒன்றாய்க் கலந்தது. இந்த யோசனை புதிதல்ல. 2017 மார்ச் 3ஆம் திகதி வந்த முதல் சுவிட்சே இப்படித்தான். அது உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. புதியது அதன் பெரிய தம்பி: திரை பெரிது, வேகம் கூட, உள்ளே 256 ஜிபி இடம்.

செய்கிறவர்கள் ஆர் என்று கேட்டார். கியோட்டோ நகரத்தில் 1889இல் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய கொம்பனி என்றேன். “அப்ப ஆட்களை இருத்தி வைச்சு விளையாட்டுக் காட்டுறது அவங்களுக்குப் பரம்பரைத் தொழில்” என்றார் அக்கா.

டோக்கியோவில் இதை ரயிலில் வைத்து விளையாடுவார்கள். காரைநகரில் கையில் வைத்து விளையாட வேறு காரணம் இருக்கிறது: கரண்ட். பொன்னாலைப் பாலத்தால் கரையோடு சேர்ந்த ஊர் என்பதால், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்காரர் மாதிரி நாங்கள் தீவுக்கென்று தனியே பிறப்பிக்கும் கரண்டை நம்பி இருப்பதில்லை. நாட்டுக்கெல்லாம் வரும் கரண்ட்தான் எங்களுக்கும். ஆனால் நாட்டுக்கெல்லாம் போகும்போது எங்களுக்கும் போகும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதென்று இலங்கை முழுவதும் இருண்டது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். அப்படியான நேரத்தில் ரிவியோடு மட்டும் ஓடுகிற கருவி வெறும் பெட்டி. கையில் ஓடுகிறது என்பதால் இதற்கு ஒரு புள்ளி போடலாம் என்றேன்.

“பற்றரி எவ்வளவு நேரம் நிக்கும்?”

இந்தக் கேள்வியை அக்காவின் வயதில் உள்ள யாழ்ப்பாணத்து ஆட்கள் கேட்கும்போது அதற்கு ஒரு கனம் இருக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ரோச் பற்றரிகூட இங்கே வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. பற்றரியின் அருமையை இவர்களுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை.

நின்டெண்டோவே சொல்லும் கணக்கு 2 மணித்தியாலம் தொடக்கம் ஆறரை மணித்தியாலம் வரை. இந்த இடைவெளியில்தான் சூட்சுமம். பழைய சுவிட்சுக்கு வந்த சின்ன ஆட்டம் என்றால் கனநேரம் ஓடும். இந்தக் கருவிக்கென்றே செய்த பெரிய ஆட்டம் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தான் நிற்கும். ஆசைப்பட்டு வாங்குவது பெரிய ஆட்டத்துக்கு. ஆகவே இரண்டு மணித்தியாலம் என்றே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப நிரம்ப ஏறக்குறைய மூன்று மணித்தியாலம், அதுவும் விளையாடாமல் வைத்திருந்தால். பவர்பாங்க் ஒன்றிலிருந்து ஏற்றலாம், ஆனால் போனுக்கென்று வாங்கிய மலிவு பவர்பாங்க் ஈடுகொடுக்காது.

“ரெண்டு மணித்தியாலம் காணும்தானே, அதுக்கு மேலை ஏன் விளையாட்டு?” என்றார் அக்கா. தாய்மாரின் கணக்கில் இது குறையே இல்லை. நானும் அந்தப் புள்ளியைக் குறைக்கவில்லை.

ஆனால் அதே பற்றரிக்கு வேறொரு குறை உண்டு. லித்தியம் பற்றரி வெக்கையில் சீக்கிரம் களைக்கும். 5 பாகை தொடக்கம் 35 பாகை வரையான வெப்பத்தில், ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேற்படாத இடத்தில் பாவிக்கச் சொல்கிறது நிறுவனம். சித்திரை வைகாசியில் காரைநகரில் பகல் இரண்டு மணிக்கு இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றுகிற வீடு எத்தனை? ஓட்டு வீட்டு விறாந்தையில் ஓரளவுக்குச் சரி. தகரக் கொட்டிலில் இல்லை. களைத்த பற்றரியை மாற்றுவோம் என்றால் அது உள்ளே பசையால் ஒட்டியிருக்கிறது. கருவிகளைக் கழற்றிப் பார்த்துப் புள்ளி போடும் ஐஃபிக்ஸிட் என்ற அமைப்பு, திருத்த இலகுவா என்ற கேள்விக்கு இதற்குப் பத்துக்கு மூன்று கொடுத்தது. முதல் சுவிட்சில் சேமிப்புச் சிப் தனிப் பலகையில் இருந்தது; கெட்டால் கழற்றலாம். இதில் அதையும் தாய்ப்பலகையில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள்.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அறிமுக விலை 449.99 டொலர். கனடாவில் 629.99 கனடா டொலர். ஒன்ராறியோவின் 13 வீத வரியோடு 711 டொலருக்கு மேல். எங்கள் காசில் ஒன்றரை இலட்சம் ரூபாவைத் தாண்டும். அது வெறும் கருவிக்கு. மாரியோ காட் வேர்ல்ட் என்ற கார் ஓட்ட விளையாட்டைத் தனியே வாங்கினால் அமெரிக்க விலையில் 79.99 டொலர். அண்ணர் கொடுக்கிற காசுதானே என்று விட்டுவிட அக்கா ஆயத்தமில்லை. “அவரும் ரெண்டு வேலை செய்துதான் உழைக்கிறார்.”

இனி ஜோய்கொன். முதல் சுவிட்சின் பெயரைக் கெடுத்ததே இந்தப் பகுதிதான். கட்டைவிரலால் ஆட்டுகிற சின்னக் குமிழ் ஒன்று இருக்கிறதே, அது கொஞ்சக் காலத்தில் கைவைக்காமலே ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். திரையில் மாரியோ தன்பாட்டில் நடந்து பள்ளத்துக்குள் விழுவார். உள்ளே என்ன நடக்கிறதென்றால், கரி பூசிய ஒரு பட்டையின்மேல் மெல்லிய உலோக விரல் ஒன்று உராய்ந்துகொண்டு இருக்கிறது. எந்த இடத்தில் தொடுகிறது என்பதை வைத்துத்தான் கருவி குமிழின் திசையை அறியும். உராய உராயக் கரி தேயும், தூள் சேரும், கணக்குப் பிழைக்கும். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். “ஓமோம், திருப்பினா கரகரவெண்டும். ஐயா மண்ணெண்ணெய் விட்டுத் துடைப்பார்.” அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. (மண்ணெண்ணெய் இதற்கு ஆகாது.)

தொட்டுத் தேயாமல் காந்தப்புலத்தைக் கொண்டு திசை அறியும் குமிழ்களும் உலகத்தில் உண்டு. ஹோல் விளைவுக் குமிழ் என்பார்கள். எட்டு வருடம் திட்டு வாங்கிய பிறகு புதிய கருவியிலாவது அதைப் போடுவார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். போடவில்லை என்று வெளியீட்டுக்கு முன்னமே நிறுவனம் சொல்லிவிட்டது. புதிதாக வடிவமைத்த குமிழ், முந்தியதைவிட உறுதியானது என்கிறார்கள். இருக்கலாம். வருடக்கணக்கில் கைபட்ட பிறகுதான் தெரியும். தேய்வு அப்படிப்பட்ட நோய், முதல் மாதத்தில் காட்டாது.

இந்த இடத்தில்தான் காரைநகர் கணக்குக்குள் வருகிறது. முதல் சுவிட்சின் குமிழ்களுக்காக 2019இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2020இல் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். 2023இல் ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் உத்தரவாதக் காலம் முடிந்தாலும் இலவசமாகத் திருத்தித் தருவதாகச் சொன்னார்கள். எல்லாம் நல்லது. லண்டனில் இருக்கிற பிள்ளை தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். நின்டெண்டோவுக்கு இலங்கையில் கடையும் இல்லை, திருத்தும் இடமும் இல்லை. கனடாவில் வாங்கின உத்தரவாதம் கனடாவில்தான் நிற்கும். கசூரினாக் கடற்கரை மணலும் வருடம் முழுக்க வீசும் உப்புக்காற்றும் ஒரு கரிப்பட்டையை என்ன செய்யும் என்று கியோட்டோவில் ஆரும் சோதித்திருப்பார்களோ தெரியாது. கடலைப் பார்த்த விறாந்தையில் ரிவியின் பின்பக்க இணைப்புகள் எப்படிப் பச்சை பிடிக்கின்றன என்று அக்காவின் வீட்டிலேயே பார்க்கலாம்.

“பழுதானா ரவுணுக்குக் கொண்டுபோய்ப் போன் கடையிலை குடுத்தா?” யாழ்ப்பாண ரவுணில் கெட்டிக்காரப் பெடியள் இருக்கிறார்கள். போன் திரை மாற்றுவதுபோல் இதையும் திறந்துவிடுவார்கள். ஆனால் புதிய கருவியின் உதிரிப்பாகம் அவர்கள் மேசைக்கு வர இன்னும் காலம் எடுக்கும். இன்னொரு எச்சரிக்கையும் சொன்னேன். திரைக்குக் கண்ணாடி ஒட்டக் கொடுக்கும்போது, மேலே ஏற்கனவே உள்ள மெல்லிய படலத்தை உரிக்க விடக்கூடாது. உடைந்தால் சில்லு சிதறாமல் இருக்க நிறுவனமே ஒட்டியது அது. போன் கடைப் பழக்கத்தில் ‘புதுப் போன் பிளாஸ்ரிக்’ என்று நினைத்து உரித்துவிடுவார்கள்.

தேத்தண்ணி இரண்டாவது முறை வந்தது. இனித்தான் பெரிய பிழைக்கு வருகிறேன் என்றேன். திரை, பற்றரி, குமிழ் எல்லாம் கையில் தொட்டுப் பார்க்கக் கூடியவை. இந்தக் கருவியின் பாதி உங்கள் கையில் வராது. அது நிறுவனத்தின் சேர்வரிலும், இணையக் கடையிலும், அண்ணரின் கிரெடிட் கார்ட்டிலும் இருக்கிறது. கையும் ரிவியும் கலந்தது என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். காரைநகரில் இருந்து பார்த்தால் கலப்பு வேறு இடத்தில் நடந்திருக்கிறது. அந்த மற்றப் பாதி இங்கே எவ்வளவு தூரம் எட்டும் என்பதுதான் நாங்கள் பார்க்கவேண்டியது.

காட்ரிஜ் என்று ஒரு சின்ன அட்டை. அதைச் சொருகினால் ஆட்டம் ஓடும். முந்தி எல்லாம் ஆட்டம் முழுதும் அட்டைக்குள் இருந்தது. இப்போது புதிய வகை ஒன்று வந்திருக்கிறது: திறப்பு அட்டை. பெட்டி உண்டு, படம் உண்டு, அட்டை உண்டு. அட்டைக்குள் ஆட்டம் இல்லை. அதைச் சொருகினால், இணையத்தில் இருந்து ஆட்டத்தை இறக்கிக்கொள்ள அனுமதி கிடைக்கும். இறக்கி முடித்த பிறகும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் அட்டை உள்ளே இருக்கவேண்டும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். “இது அடைவு கடைத் துண்டு மாதிரியெல்லோ. துண்டு எங்கடை கையிலை, நகை அவன்ரை பெட்டிக்குள்ளை.”

இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. துண்டை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அந்த மட்டில் இறக்கி வாங்கும் ஆட்டத்தைவிட மேல். ஆனால் கடை திறந்திருக்க வேண்டும். நின்டெண்டோ தன் பழைய கருவிகளான 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையக் கடைகளிலும் விற்பனையை 2023 மார்ச் 27இல் நிறுத்தியது. ஏற்கனவே வாங்கியதை இறக்கிக்கொள்ள மட்டும் விட்டிருக்கிறார்கள். எவ்வளவு காலம் என்பது அவர்களின் விருப்பம்.

கடை திறந்திருந்தாலும் போய்ச்சேர வழி வேண்டுமே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சுவிட்ச் 2க்குத் திறப்பு அட்டையாகத்தான் வந்தது. இறக்கவேண்டியது ஐம்பது ஜிபிக்குக் கிட்ட. அக்கா வீட்டில் இணையம் என்பது ஒரு சிம் போட்ட ரவுட்டர். மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து தருவதில் பெடியனின் வகுப்புகள், அக்காவின் கோயில் நேரலைகள், கனடாவோடு கதைப்பது எல்லாம் நடக்கவேண்டும். ஐம்பது ஜிபியை அதில் இறக்குவதென்றால், இரவு டேட்டாவைப் பிடித்து, நாலைந்து இரவு கருவியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கவேண்டும். அதுவும் சிக்னல் இடையில் விழாமல் இருந்தால்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நின்டெண்டோ தானே செய்கிற ஆட்டங்கள், மாரியோ காட் வேர்ல்ட், டொங்கி கொங் பனான்ஸா போன்றவை, முழுதும் அட்டைக்குள் வருகின்றன. சைபர்பங்க் 2077 என்ற பிரமாண்டமான ஆட்டத்தையே 64 ஜிபி அட்டையில் முழுதாகத் தந்தார்கள் (பன்னிரண்டு வயதுக்கு அது ஆகாது, பேரைக் கேட்டாலும் வாங்க வேண்டாம் என்று அக்காவுக்குத் தனியாகச் சொன்னேன்). செய்ய முடியாததல்ல, பெரிய அட்டைக்குச் செலவு கூட என்று மற்றக் கொம்பனிகள் துண்டைத் தருகின்றன. பெட்டியின் முன்பக்கம் கீழே, இது திறப்பு அட்டை என்றும் இறக்கவேண்டும் என்றும் அச்சடித்திருப்பார்கள். அண்ணர் கடையில் பார்க்கவேண்டியது ஆட்டத்தின் படத்தை அல்ல, அந்த வரியைத்தான்.

உள்ளே இருக்கும் 256 ஜிபி நிரம்பினால் மெமரி கார்ட் போடலாமே என்று நினைப்போம். சாதாரண மைக்ரோ எஸ்டி கார்ட் இதில் ஆட்டம் வைக்க உதவாது. மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதுவகைதான் வேண்டும், அது விலையும் கூட. பழைய கார்ட்டிலிருந்து முன்னைய சுவிட்சில் எடுத்த படங்களைப் பார்க்கலாம், அவ்வளவுதான். ரவுணில் கேட்டால் ‘ரெண்டும் ஒண்டுதான்’ என்று சாதாரணத்தைத் தந்துவிடக்கூடும்.

கணக்கு ஒன்று திறக்கவேண்டும். அதைக் கனடாக் கணக்காகத் திறந்து, அண்ணரின் கார்ட்டில் வாங்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் பெடியனுக்கு ஒவ்வொரு ஆட்டமும் மாமாவிடம் கேட்டு வாங்கும் ஆட்டமாகிவிடும். அண்ணரின் பிள்ளைகள் இறக்கி வாங்கியதை இரவல் கொடுக்கலாமே என்று கேட்டார். குடும்பக் குழுவுக்குள் ஒரு ஆட்டத்தை இரண்டு கிழமைக்கு இரவல் கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் கொடுக்கும்போது இரண்டு கருவியும் ஒரே இடத்தில் கிட்டக்கிட்ட இருக்கவேண்டும். ஸ்கார்பரோவுக்கும் காரைநகருக்கும் அது சரிவராது. திருவெம்பா முடிந்து அவர்கள் விமானம் ஏறினால் இரண்டு கிழமையில் இரவலும் முடிந்துவிடும்.

பெடியன் இதைக் கேட்பதற்கு உண்மைக் காரணமும் அங்கேதான் இருக்கிறது. ஆட்டம் அவ்வளவு முக்கியம் இல்லை. ஸ்கார்பரோவில் மச்சானும் மச்சாளும் இதை வைத்திருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து கார் ஓட்டவேண்டும், கதைக்கவேண்டும். கேம்சாட் என்று ஒரு வசதி உண்டு. விளையாடியபடி குரலில் கதைக்கலாம், கமரா வாங்கிப் பூட்டினால் முகம் பார்க்கலாம். 2026 மார்ச் 31 வரை இலவசமாக விட்டிருந்தார்கள், அதற்குப் பிறகு சந்தா கட்டவேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் பெற்றோர் தங்கள் போனில் உள்ள செயலி மூலம் அனுமதி கொடுக்கவேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. விளையாடும் நேரத்துக்கு எல்லை வைக்கவும் அதே செயலியில் முடியும். நல்லதைச் சொல்லாதே என்று சொன்ன அக்கா இதை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொன்னார்.

ஆனால் மணிக்கூட்டைப் பாருங்கள். மார்கழியில் ரொறொன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னுக்கு. அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, பின்னேரம் ஏழு மணிக்குக் கருவியை எடுத்தால் எங்களுக்கு விடிய ஐந்தரை. எங்களுக்குப் பின்னேரம் ஏழு மணி என்றால் அவர்களுக்குக் காலை எட்டரை, பள்ளிக்கூடம் போகும் நேரம். சனி, ஞாயிறு பின்னேரம்தான் ஒத்துவரும். அதிலும் எங்கள் சமிக்ஞை கடலடிக் கம்பியில் அவ்வளவு தூரம் போய்வரக் கால் செக்கன் அளவில் ஆகும். கதைப்பதற்கு அது ஒன்றுமில்லை. கார் ஓட்டத்தில் கால் செக்கன் என்றால், மச்சான் உங்கள் காரை இடித்துத் தள்ளிவிட்டுப் போன பிறகுதான் உங்கள் திரையில் அவர் கார் தெரியும்.

“விடிய அஞ்சரைக்கு எழும்பிப் படிக்கிறதெண்டா எழும்பமாட்டான்” என்றார் அக்கா.

மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு வழிகளும் காட்டுவார்கள், இரண்டை மட்டும் சொல்லிவைத்தேன். ஜப்பானில் இந்தக் கருவி இரண்டு விதமாக விற்கப்படுகிறது. பல மொழிக் கருவியின் அறிமுக விலை 69,980 யென். ஜப்பான் மொழி மட்டும் உள்ளதன் அறிமுக விலை 49,980 யென். பின்னதில் திரை முழுக்க ஜப்பான் எழுத்து, மாற்ற முடியாது. ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டும்தான் அதில் இணைக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் ஆள் மலிவென்று கொண்டுவந்து தந்தால், மலிவின் காரணம் இதுதான். அடுத்தது, கைமாறி வருவது. களவு ஆட்டம் ஓட்டப் பார்த்த கருவியை நின்டெண்டோ தன் இணையத்திலிருந்து தடைசெய்துவிடும். தடை கருவிக்கு விழுகிறது. விற்றவர் காசோடு போய்விடுவார், வாங்கினவர் வீட்டில் பாதிக் கருவி இருக்கும். சீடியில் ‘கிராக்’ அடித்து விளையாடிப் பழகிய எங்கள் ஊரில் இது லேசில் நடக்கக்கூடிய விபத்து.

விமர்சனக்காரர்கள் நிறைய எழுதிய சில குறைகளை நான் சொல்லாமலே விட்டேன். திரை ஓஎல்இடி இல்லை, சாதாரண எல்சிடி. வேகமாக ஓடும் படத்தில் கொஞ்சம் நிழல் இழுபடும். கைப்பிடிகளோடு அரைக் கிலோவுக்கு மேல் பாரம், படுத்திருந்து விளையாடினால் மணிக்கட்டு நோகும். நோகட்டும், இருந்து விளையாடலாம். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருந்து எழுதுகிறவருக்கு மற்றப் பாதி எப்போதும் கையெட்டில் இருப்பதால், மிஞ்சியிருப்பது இந்தச் சின்னக் குறைகள்தான்.

“அப்ப வேண்டாமெண்டு சொல்லட்டோ?”

அப்படியும் இல்லை என்றேன். இணையம், சந்தா, உத்தரவாதம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கையில் உள்ள பாதி என்ன செய்யும் என்று மட்டும் பார்ப்போம். முழு ஆட்டம் உள்ள அட்டை இரண்டு. அண்ணர் ஸ்கார்பரோவிலேயே கருவியைத் திறந்து, அங்குள்ள இணையத்தில் மென்பொருளைப் புதுப்பித்து, கணக்கை ஆயத்தப்படுத்திக் கொண்டுவருகிறார். பற்றரி இருப்பதால் பொதிக்குள் போடாமல் கைப்பையில். அவ்வளவும் சரியாக நடந்தால் இங்கே அது நன்றாகவே ஓடும். ஆனால் அந்த வேலைக்கு ஒன்றரை இலட்சம் அதிகம். அதே வேலையைப் பழைய சுவிட்ச் செய்யும்.

பழையதன் குறைகள் எல்லாம் எட்டு வருடமாக வெளிச்சத்தில் கிடக்கின்றன. குமிழ் இழுக்கும், தெரியும். அதற்கு மாற்றுக் குமிழ் மலிவாகக் கிடைக்கிறது. காந்தத்தில் ஓடும், தேயாத வகையைக்கூட வேறு கொம்பனிகள் செய்து விற்கின்றன. திருகாணி சிலதைக் கழற்றினால் மாற்றிவிடலாம், ரவுண் பெடியளுக்கு அது பெரிய வேலை இல்லை. சாதாரண மெமரி கார்ட் போதும். திறப்பு அட்டைத் தொல்லை அதில் இல்லை. மாரியோ காட் 8 டீலக்ஸ் என்ற கார் ஓட்டம் பழையதிலும் ஓடும், புதியதிலும் ஓடும். இரண்டும் ஒன்றுக்கொன்று சேர்ந்தும் ஓடும். மார்கழியில் மச்சான்மார் தங்கள் சுவிட்ச் 2ஐக் கொண்டுவந்தால், இணையமே இல்லாமல் ஒரே விறாந்தையில் இருந்து எல்லாரும் சேர்ந்து ஓட்டலாம்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். கணக்குப் போடுகிற முகம். “அண்ணற்ரை பிள்ளையளிட்டைப் புதுசு இருக்கெண்டா, பழசு எங்கை?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. உடனேயே போனை எடுத்து அண்ணருக்குக் குரல் செய்தி போட்டார். பழையது வீட்டில் கிடக்கிறதா, பற்றரி எப்படி, தாங்கியும் சார்ஜரும் இருக்கிறதா, மாரியோ காட் அட்டை இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். சார்ஜரில் 100 தொடக்கம் 240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். கனடாவில் 120, இங்கே 230. பிள்ளைகளின் கணக்கைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டுத் தரவேண்டும் என்பதையும் சேர்த்தார். எல்லாம் சொல்லி முடித்து, பழசு என்று பெடியனுக்கு இப்போது சொல்லவேண்டாம், முகம் சுருங்கும் என்றும் மெல்லிய குரலில் சொன்னார்.

அறைக்குள்ளிருந்து பெடியனின் குரல் வந்தது. “அம்மா, ஸ்ரிக் ரெண்டையும் ஹோல் எஃபெக்ட் போட்டு மாத்தித் தரச் சொல்லுங்கோ. ஒண்டை மட்டும் மாத்தினாக் காணாது.”